பட்டம் வேற, பயிற்சி வேற!

(தலைப்பு: மருத்துவமனையில் நோய்த்தொற்றைத் தடுக்கப் பெரிதும் தேவை வசதியா? பயிற்சியா? நாகர்கோவில் மேடையில் 'பயிற்சியே' என்ற அணியில் செவிலியர் ஆசிரியை ஒருவர் பேசியது.)

அன்பும் அறிவும் ஒருசேர அமைந்த நடுவர் அவர்களே! என் அணித் தலைவர் அவர்களே! 'வசதி, வசதி' என்று முழங்கிவிட்டு இப்போது வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) நாஞ்சில் நாட்டுப் பெருமக்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால பேசின எதிரணித் தம்பி ரொம்ப நல்லாப் பேசினாரு. கட்டடம் வேணும், கட்டில் வேணும், கையுறை வேணும், குழாயில தண்ணி வேணும்னு ஒரு பட்டியல் வாசிச்சாரு. கல்யாண வீட்டுக்கு மளிகைச் சாமான் எழுதின மாதிரி இருந்துது. (சிரிப்பு) அதுல ஒண்ணைக்கூட நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். தண்ணி வராத வார்டில நின்னுக்கிட்டு 'கை கழுவுங்க'ன்னு பாடம் நடத்துறதும், அரிசி இல்லாத வீட்டில சமையல் குறிப்பு வாசிக்கிறதும் ஒண்ணுதான். ஆனா நடுவர் அவர்களே, 'எது வேணும்'னு தலைப்பு கேக்கல. 'பெரிதும் தேவை எது'ன்னு கேக்குது. மளிகை எல்லாம் வந்து இறங்கியாச்சு, அடுப்பும் மூட்டியாச்சு. சமைக்கத் தெரிஞ்ச ஆள் இல்லன்னா பந்தியில என்னத்தைப் பரிமாறுவீங்க? (கைதட்டல்)

முதல்ல ஒரு கணக்கு சொல்றேன். ஆஸ்பத்திரிக்கு நாம எதுக்குப் போறோம்? நோயைக் கொண்டுபோய் விட்டுட்டு வர. ஆனா சில பேரு ஒரு நோயை விட்டுட்டு இன்னொரு நோயை வாங்கிட்டு வர்றாங்க. உலக சுகாதார நிறுவனம் 2022-ல ஒரு அறிக்கை வெளியிட்டுது. வசதியுள்ள நாடுகள்ல, ஆஸ்பத்திரியில சேர்ற 100 பேர்ல 7 பேருக்கு அங்கேயே புதுசா ஒரு தொற்று வருது. நம்மள மாதிரி நாடுகள்ல 100-க்கு 15 பேருக்கு. அப்படித் தொற்று வந்தவங்கள்ல பத்துல ஒருத்தர் இறந்துபோறாங்க. இது சாதாரணக் கணக்கா? அறுவை நல்லபடியா முடிஞ்சு, பிரசவம் நல்லபடியா முடிஞ்சு, 'நாளைக்கு வீட்டுக்குப் போலாம்'னு சொன்ன பிறகு காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்த உயிர்களும் அதுக்குள்ள இருக்கு.

எதிரணித் தலைவர் எடுத்த எடுப்பிலேயே மாடி மேல ஏறி நின்னுக்கிட்டாரு. பெரிய கட்டடம் வந்தா தொற்று ஓடிப்போயிரும்னாரு. ஐயா, நீங்க நின்னு பேசின இதே நாகர்கோவில்ல கேதரின் பூத் ஆஸ்பத்திரி எப்படி ஆரம்பிச்சுது? 1890-களில் இரட்சணிய சேனையைச் சேர்ந்த ஹாரி ஆண்ட்ரூஸ், ஒரு குளியலறையை மருந்தகமா மாத்தி, அதுக்குள்ள வச்சுத்தான் ஜனங்களுக்கு மருந்து குடுத்தாரு. குளியலறையில பிறந்த ஆஸ்பத்திரி ஐயா அது! (கைதட்டல்)

நெய்யூருக்கு வாங்க. லண்டன் மிஷன் மருத்துவப் பணியை 1838-ல அங்க தொடங்கினவர் டாக்டர் ராம்சே. 1860-களில் வந்த டாக்டர் ஜான் லோ என்ன செஞ்சாரு? உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பு நடத்தினாரு. ஒத்தை மனுசன் எத்தனை ஊருக்கு ஓட முடியும்? நாலு பேருக்குச் சொல்லிக் குடுத்தா நாலு ஊருக்குக் கை நீளும்.

1956-க்கு முன்னால நாம திருவிதாங்கூரோட இருந்தோம்லா? அங்க 1938-ல சர்ஜன் ஜெனரலா, மருத்துவத் துறைக்கே தலைவியா வந்தவங்க டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ். நாகர்கோவில்ல காசநோய் சானடோரியத்தை ஏற்படுத்தினவங்க அவங்கதான். அப்போ கட்டடத்தோட அருமை அவங்களுக்குத் தெரியும். அதே அம்மா, ஊர்ல பிரசவம் பாத்த மருத்துவச்சிகளைப் பகைச்சு விரட்டல. அவங்க பிள்ளைகளைக் கூப்பிட்டு முறையா பிரசவப் பயிற்சி குடுத்தாங்க. நம்ம மண்ணில மருத்துவம் வளர்ந்த வழி சொல்லிக்குடுத்து வளர்ந்த வழி, நடுவர் அவர்களே.

சரி, எதிரணியோட செல்லப்பிள்ளை கையுறை. அதைப் பத்திப் பேசுவோம். கையுறை இருக்கு. நல்லது. ஒரு நோயாளிக்குப் புண்ணுக்குக் கட்டுப் போட்டாச்சு. அதே கையுறையோட கதவைத் திறந்தாச்சு. கேஸ் ஷீட்டில எழுதியாச்சு. செல்போன் அடிக்குது, எடுத்து 'அத்தை, சொல்லுங்க'ன்னு பேசியாச்சு. (சிரிப்பு) அடுத்த கட்டிலுக்கும் அதே கையுறை. இப்ப அந்தக் கையுறை யாரைக் காப்பாத்துது? போட்டிருக்கவங்க கை சுத்தமாத்தான் இருக்கு. நோயாளி நிலைமை என்ன? வெறுங்கையா இருந்தாலாவது பிசுபிசுன்னு இருக்கேன்னு கழுவியிருப்பாங்க. கையுறைக்கு அந்த உணர்ச்சி கிடையாது. ஒரு நோயாளிக்கு ஒரு கையுறை, கழற்றின உடனே கை கழுவணும், இதைச் சொல்லிக் குடுக்காத இடத்தில கையுறையே கிருமிக்கு வாகனம்.

'ஏழை நாட்டுல அப்படித்தான் இருக்கும்'னு எதிரணி முணுமுணுக்குது, காதுல விழுது. சரி, பணக்கார நாட்டுக்கே போவோம். சுவிட்சர்லாந்து, ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனை. சோப்பு இருக்கு, தண்ணி இருக்கு. 1994-ல டாக்டர் டிடியர் பிட்டேயோட குழு ஒரு காரியம் பண்ணுச்சு. கை சுத்தம் செய்யவேண்டிய நேரத்தில உண்மையிலேயே எத்தனை தடவை செய்யிறாங்கன்னு ஆள் போட்டுக் கணக்கெடுத்தாங்க. 100 தடவைக்கு 48 தடவைதான்! அதிலயும் நர்சுகள் 52. டாக்டர்கள் எத்தனை தெரியுமா? 30!

நடுவர்: அப்போ படிக்கப் படிக்கக் கை அழுக்காகுதுங்கிறீங்களா அம்மா? (பலத்த சிரிப்பு)

ஐயா, நீங்க கேட்டதை எதிரணித் தம்பி அவசரமா எழுதிக்கிடுதாரு பாருங்க. 'படிச்சவங்களே கழுவல, அப்புறம் என்ன பயிற்சி'ன்னு கேக்கப் போறாரு. தம்பி, எழுதினதை அடிச்சிருங்க. (சிரிப்பு) பட்டம் வேற, பயிற்சி வேற! நீச்சலைப் பத்திப் புத்தகம் எழுதினவரைக் கொண்டுபோய்க் குளச்சல் கடல்ல தள்ளிவிடுங்க, தெரியும். (சிரிப்பு, கைதட்டல்) ஜெனீவாவில அப்புறம் என்ன செஞ்சாங்க? கட்டில் பக்கத்திலேயே ஆல்கஹால் கரைசல் வச்சாங்க. அது வசதிதான், ஒத்துக்கிடுறேன். அதோட நிறுத்தல. ஊழியர்களை வச்சே சுவரொட்டி தயாரிச்சு வார்டு வார்டா ஒட்டினாங்க, எவ்வளவு தேறியிருக்கோம்னு கணக்கெடுத்து அவங்களுக்கே திருப்பிச் சொன்னாங்க. 1997-ல 48 இருந்தது 66 ஆச்சு. ஆஸ்பத்திரியில பிடிக்கிற தொற்று 100-க்கு 16.9 இருந்தது 9.9-க்கு இறங்குச்சு. கரைசலைச் சுவத்தில மாட்டினா மட்டும் போதும்னா, நம்ம ஊர்ல காலி பாட்டில் தொங்குற இடமெல்லாம் ஜெனீவா ஆயிருக்கணுமே!

ஆனா பயிற்சின்னா என்ன? 'கை கழுவு'ன்னு உத்தரவு போடுறதா? இங்க ஒரு பெரிய மனுசனோட துயரக் கதை இருக்கு. வியன்னா நகரத்துப் பொது மருத்துவமனை. 1847-ஆம் வருஷம். ரெண்டு பிரசவ வார்டு. ஒண்ணுல டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும். இன்னொண்ணுல மருத்துவச்சிகள். டாக்டர்கள் இருக்கிற வார்டிலதான் தாய்மார்கள் அதிகமாச் செத்தாங்க. 'அந்த வார்டு மட்டும் வேண்டாம்'னு பிள்ளைத்தாய்ச்சிகள் கெஞ்சி அழுதாங்க. செம்மல்வைஸ்னு ஒரு டாக்டர் காரணத்தைக் கண்டுபிடிச்சாரு. பிணத்தை அறுத்த கையோட வந்து பிரசவம் பாக்குறாங்க! வாசல்ல குளோரின் கலந்த சுண்ணாம்புத் தண்ணியை வச்சு, 'இதுல கழுவாம உள்ள வராதே'ன்னாரு. ஏப்ரல் மாசம் 100-க்கு 18 தாய்மார் இறந்த வார்டில, ஜூன் மாசம் 2 பேர்தான்! என்ன வசதி அது? ஒரு தொட்டித் தண்ணி!

இவ்வளவு பெரிய உண்மையை உலகம் உடனே ஏத்துக்கிச்சா? இல்ல. டாக்டர்களுக்குக் கோபம். 'எங்க கையாலயா செத்தாங்க?'ன்னு ஒரு ரோஷம். செம்மல்வைஸுக்கு ஆணை போடத் தெரிஞ்சுது. ஆளைக் கூட்டி உக்கார வச்சு, மனசு நோகாம விளங்க வைக்கத் தெரியல. புத்தகம் எழுதினதே 1861-ல. மறுத்தவங்களையெல்லாம் கடுமையா ஏசிக் கடிதம் எழுதினாரு. 1865-ல மனநோய் விடுதியில புண் சீழ்பிடிச்சு இறந்துபோனாரு. மருந்து இருந்துச்சு ஐயா. கணக்கு இருந்துச்சு. சொல்லிக் குடுக்கிற முறை இல்ல. அந்த ஒரு குறைக்கு எத்தனை தாய்மார் உயிரை விட்டாங்களோ! (அமைதி)

அதனால இன்னைக்கு நாங்க எப்படிச் சொல்லிக் குடுக்கிறோம்? வகுப்புக்கு வர்றவங்க கண்ணைத் துணியால கட்டுவோம். கையில கொஞ்சம் சாயத்தை ஊத்தி, 'சோப்புன்னு நினைச்சு நல்லாத் தேயுங்க'ன்னு சொல்லுவோம். தேச்சு முடிச்ச பிறகு கட்டை அவுத்தா, கட்டைவிரலும் விரல் நுனியும் அப்படியே வெள்ளையா இருக்கும்! நோயாளியை முதல்ல தொடுறது எது? அந்த விரல் நுனிதான். நாலு மணி நேரம் பேசினாலும் ஏறாத பாடம், அந்த ஒரு பார்வையில ஏறிரும். அப்புறம் எப்பெப்போ கழுவணும்னு அஞ்சு விரலையும் மடக்கச் சொல்லுவோம். முன்னால ரெண்டு: நோயாளியைத் தொடுறதுக்கு முன்னால, ஊசி, கட்டு மாதிரி சுத்தமாச் செய்யவேண்டிய வேலைக்கு முன்னால. பின்னால மூணு: ரத்தம், சளி பட்டா அதுக்குப் பின்னால, நோயாளியைத் தொட்ட பின்னால, அவர் கட்டிலையோ மேசையையோ தொட்ட பின்னால. கரைசல்னா 20, 30 விநாடி. சோப்பு தண்ணின்னா 40-லேருந்து 60 விநாடி. கண்ணுக்குத் தெரியிற அழுக்குன்னா கரைசல் பத்தாது, சோப்புதான். இவ்வளவுதான் பாடம். ஆனா ஒரு நாளைக்கு நூறு தடவை செய்யணும். அதுக்கு மனசுல ஊறியிருக்கணும்.

இப்போ ஊசிக்கு வர்றேன். எடுத்ததை மூடி வைக்கணும்னு நம்ம அம்மாமார் சொல்லிக் குடுத்திருக்காங்க. பால் பாத்திரத்தை மூடு, தண்ணிக் குடத்தை மூடு. நல்ல பழக்கம். அந்தப் பழக்கத்தோட ஒரு பிள்ளை நர்சிங் படிக்க வருது. ஊசி போட்டு முடிச்ச உடனே கை தன்னால மூடியைத் தேடுது! மூடியை மாட்டும்போதுதான் விரல்ல குத்துது. வீட்டில படிச்சதை இங்க மறக்கணும். போட்ட ஊசிக்கு மூடி போடாதே, வெட்டி, நேரா குத்துப்படாத வெள்ளை டப்பாவில போடு. டப்பாவை அரசாங்கம் வாங்கிக் குடுக்கும். மூடியைத் தேடுற கையை யாரு நிறுத்துவா? பயிற்சிதான் நிறுத்தும்!

குத்தினா என்ன ஆகும்? நோயாளிக்கு நோய் இருந்து, குத்துப்பட்டவங்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடலன்னா, அந்த நோய் வர 100-க்கு 30 வரைக்கும் வாய்ப்பு. ஹெபடைடிஸ் சி அதைவிட ரொம்பக் குறைவு. எச்.ஐ.வி. ஆயிரத்துக்கு 3. நாம எச்.ஐ.வி.க்குப் பயந்து நடுங்குறோம். அதைவிடச் சுலபமாத் தொத்துற பி-க்குத் தடுப்பூசியே இருக்கு, மூணு தவணை. அதைப் போடாம இருக்கோம். பயம் இருக்கு, அறிவு இல்ல. இதுதான் பயிற்சி இல்லாத வார்டோட நிலைமை.

நடுவர் அவர்களே, இந்த இடத்தில நான் சிரிக்க வைக்கப் போறதில்ல. ஒரு ஆஸ்பத்திரி, பேரு வேண்டாம். அங்க துப்புரவு வேலை பாக்குற அக்காமார்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தேன். முடியிற நேரத்தில பின்வரிசையில இருந்து ஒரு அக்கா எழுந்திரிச்சாங்க. "டீச்சர், எனக்குப் போன வருசம் குத்திச்சு. பஞ்சோட சுருட்டிக் குப்பைப் பையில போட்டிருந்தாவ. பையைத் தூக்கும்போ தொடையில ஏறிட்டு"ன்னாங்க. "யாருட்டக்கா சொன்னிய?"ன்னு கேட்டேன். "யாருட்ட சொல்ல? சொன்னா நாளையிலேருந்து வராண்டாம்னு சொல்லிருவாவ. கழுவிட்டு வேலையப் பாத்தேன்"ன்னாங்க.

ஒரு வருஷம் ஐயா! ஒரு வருஷம் அந்த மனுசி அந்தப் பயத்தை யாருகிட்டயும் சொல்லாம மனசுக்குள்ள வச்சிருந்திருக்கா. வீட்டில புருசன்கிட்டகூடச் சொல்லல. ஊசி குத்தினா அழுத்திப் பிதுக்கக் கூடாது, வாயில வைக்கக் கூடாது, ஓடுற தண்ணியில சோப்புப் போட்டுக் கழுவிட்டு உடனே மேலதிகாரிகிட்ட சொல்லணும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிஞ்சா ரெண்டு மணி நேரத்துக்குள்ள, எப்படியும் 72 மணி நேரத்துக்குள்ள தொடங்கி 28 நாள் சாப்பிடணும். மருந்து அதே வளாகத்தில இருந்துச்சு. மருந்து இருக்குங்கிற சேதி அவங்ககிட்ட இல்ல! அப்புறம் பரிசோதனை பண்ணினோம். கடவுள் புண்ணியம், ஒண்ணும் இல்ல. தடுப்பூசியும் போட்டாச்சு. ஆனா கேக்கிறேன், ஊசியைச் சுருட்டிப் போட்டது யாரு? நல்லாப் படிச்ச ஒருத்தர். குத்துப்பட்டது யாரு? எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஒருத்தி. மேல இருக்கிறவருக்குப் பயிற்சி இல்லன்னா, ரத்தம் கீழ இருக்கிறவளுக்கு வருது! (பலத்த கைதட்டல்)

சட்டமும் என் கட்சிதான். 2016-ல வந்த உயிரிமருத்துவக் கழிவு விதிகள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம்னு பையையும் டப்பாவையும் மட்டும் பிரிச்சுத் தரல. கழிவைக் கையாளுற ஒவ்வொருத்தருக்கும் வேலைக்குச் சேரும்போதும், அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவையாவதும் பயிற்சி குடுக்கணும், ஹெபடைடிஸ் பி-க்கும் டெட்டனஸுக்கும் தடுப்பூசி போடணும்னு சொல்லுது. ஒப்பந்தத்தில நேத்து சேர்ந்த அக்காவுக்கும் இது உண்டு. 'அடுத்த பயிற்சி மார்ச்சில'ன்னா, ஊசி மார்ச் வரைக்கும் காத்திருக்காது.

கடைசியா ஒண்ணு. களியக்காவிளையைத் தாண்டினா கேரளா. நம்ம பிள்ளைங்க எத்தனையோ பேரு அங்க நர்சா இருக்காங்க. 2018 மே மாசம் கோழிக்கோட்டில நிபா வந்துச்சு. முதல் நோயாளிக்கு என்ன நோய்னே யாருக்கும் தெரியாது. அவரைக் கவனிச்ச பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரி நர்ஸ் லினி, மே 21-ஆம் தேதி இறந்துபோனாங்க. ரெண்டு சின்னப் பிள்ளைங்களோட தாய். அந்தத் தடவை நோய் பிடிச்சவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஆஸ்பத்திரிக்குள்ள வச்சுத்தான் பிடிச்சுது. 2001-ல சிலிகுரியிலயும் அப்படித்தான். நோய் வந்தவங்கள்ல நாலுல மூணு பங்கு ஆஸ்பத்திரி ஊழியர்களும் பாக்க வந்தவங்களும்.

அடுத்த வருஷம், 2019 ஜூன். எர்ணாகுளத்தில ஒரு மாணவருக்கு நிபா. அதே கிருமி, அதே கேரளா. அந்தப் பையன் பிழைச்சான். அவன்கிட்டேருந்து ஒருத்தருக்குக்கூடப் பரவல. ஒரே வருஷத்தில மாடி மாடியா கட்டடமா எழும்பிருச்சு? லினியைப் பறிகுடுத்துப் படிச்ச பாடம்தான் எழும்பி நின்னுச்சு. ஆனா 2023-ல மறுபடியும் கோழிக்கோட்டில ஒரு சுகாதாரப் பணியாளருக்குத் தொத்திருச்சு. ஒரு தடவை படிச்சிட்டு மூடி வைக்கிற பாடம் இல்ல இது. பேரு தெரியாத நோய்க்கு மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது. ஒரே காவல்தான்: வர்ற ஒவ்வொரு நோயாளிகிட்டயும், அவர் யாரா இருந்தாலும், ஒரே கவனம். கட்டில்ல 'இவருக்கு இன்ன நோய்'னு எழுதி ஒட்டி மானத்தை வாங்க வேண்டிய தேவையும் அப்போ இருக்காது.

நம்ம கிராமத்தில அம்மை போட்ட வீட்டு வாசல்ல ஒரு வேப்பிலைக் கொத்து சொருகுவாங்க. போலீஸ் கிடையாது, பூட்டு கிடையாது. அஞ்சு வயசுப் பிள்ளைகூட அதைப் பாத்ததும் படியேறாது. வசதி என்ன? ஒரு கொத்து வேப்பிலை. அந்தப் பிள்ளைக்கு யாரோ சொல்லிக் குடுத்திருந்தாங்க. அதுதான் ஐயா தடுத்துச்சு!

நான் கேக்கிறது பெரிசா ஒண்ணும் இல்ல. வார்டில நேத்துச் சேர்ந்த ஒரு நர்ஸ் பிள்ளை, ரவுண்ட்ஸ் வர்ற பெரிய டாக்டரைப் பாத்து, "சார், கை"ன்னு ரெண்டு வார்த்தை சொல்லணும். அவரும் கோபப்படாம, "நன்றி மக்கா"ன்னு கழுவிட்டு வரணும். துப்புரவு அக்கா, "எனக்குக் குத்திட்டு"ன்னு அந்த நிமிஷமே பயப்படாம வந்து சொல்லணும். எந்தக் கட்டடமும் இந்தத் தைரியத்தைக் குடுக்காது. சொல்லிக் குடுத்தாத்தான் வரும். ஆகவே, மருத்துவமனையில் நோய்த்தொற்றைத் தடுக்கப் பெரிதும் தேவை பயிற்சியே, பயிற்சியே என்று நல்ல தீர்ப்பை வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)